தினம் ஒரு மாதிரித் தேர்வு வேண்டாம்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். பதினோராம் வகுப்பு முடித்த என் மகன், கல்லூரிச் சேர்க்கைக்காக மே மாதம் எழுதிய எஸ்.ஏ.டி. தேர்வில் 1040தான் எடுத்தான். ஆங்கிலம் 560, கணிதம் 480. ஆகஸ்டில் மறுபடி எழுதப் போகிறான். கோடை விடுமுறை முழுக்க தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுத வைத்தால் மதிப்பெண் ஏறுமா?

பதில்: படுகிற பாட்டுக்கு ஏற்ற அளவு ஏறாது. மாதிரித் தேர்வு எங்கே பலவீனம் என்று காட்டும், அதைச் சரிசெய்யாது. தவிர, இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் முழுத் தேர்வுகள் கொஞ்சம்தான். அசல் தேர்வுக்கு மிக நெருக்கமானவை அவையே. ஜூனிலேயே எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டால் ஆகஸ்டில் தன்னைச் சோதித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை காலையில், நடுவில் 10 நிமிட இடைவேளையோடு எழுதட்டும்.

மதிப்பெண் அறிக்கையில் எட்டுப் பாடப் பிரிவுகளிலும் அவர் எப்படிச் செய்திருக்கிறார் என்று பட்டைகளாகக் காட்டியிருப்பார்கள். அதைப் பாருங்கள். கணிதத்தில் அல்ஜீப்ராவும் அட்வான்ஸ்டு மேத்தும் சேர்ந்தே சுமார் 70 சதவீதம். எனவே ஜூனில் நேர்கோட்டுச் சமன்பாடுகள், ஜூலையில் இருபடிச் சமன்பாடுகளும் சார்புகளும். ஜியோமெட்ரி கடைசியில் வரட்டும். பயிற்சிக்குக் கான் அகாடமியின் இலவசப் பாடங்களே போதும். தினம் ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள்.

மதிப்பெண்ணை உண்மையில் ஏற்றுவது பிழை நோட்டுதான். தவறிய கேள்விகளோடு, குருட்டாம்போக்கில் சரியானவற்றையும் அதில் எழுத வேண்டும். பக்கத்தில் காரணம்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, நேரம் போதவில்லையா? ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு 5 கூட்டினால் 20 வருகிறது, அந்த எண்ணின் ஆறு மடங்கு என்ன என்று கேட்பார்கள். பையன் எண் 5 என்று சரியாகக் கண்டுபிடித்து, அதையே விடையாகக் குறித்துவிடுவான். விடை 30, ஆனால் 5ம் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். இதற்கு மருந்து இன்னொரு அல்ஜீப்ரா வகுப்பு அல்ல. கணக்கைத் தொடங்குமுன் ‘ஆறு மடங்கு’ என்று தாளில் குறித்துக்கொள்ளும் பழக்கம். நோட்டில் ஏறிய ஒவ்வொரு கேள்வியையும் மூன்று நாள் கழித்து விடையைப் பார்க்காமல் திரும்பப் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து இதை மட்டும் விடாதீர்கள்.

ஆங்கிலத்தில் சீக்கிரம் ஏறக்கூடியது இலக்கணம். கால்வாசிக்கு மேல் கேள்விகள் அதில்தான், விதிகளோ குறைவு. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் இணைப்பது தவறு, அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். இந்த ஒரு விதியையே பல வேஷத்தில் கேட்பார்கள்.

தேர்வின் அமைப்பும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடமும் இரண்டு மாட்யூல், அதாவது இரண்டு பகுதிகள். ஒரு மாட்யூலுக்கு ஆங்கிலத்தில் 32 நிமிடத்துக்கு 27 கேள்விகள், கணிதத்தில் 35 நிமிடத்துக்கு 22. முதல் மாட்யூலில் நன்றாகச் செய்தால்தான் கடினமான இரண்டாவது மாட்யூல் வரும். எளிதானது வந்தால் எட்டக்கூடிய உச்ச மதிப்பெண் குறைந்துவிடும். ஆகவே முதல் மாட்யூலில் ஒரு கடினக் கேள்வியோடு மல்லுக்கட்டி, எளிதான மூன்றைக் கோட்டைவிடக் கூடாது. அதற்கு அடையாளம் போட்டுவிட்டுத் தாண்டி, நேரமிருந்தால் திரும்பி வரலாம். தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விட வேண்டாம். செயலியிலேயே இருக்கும், வரைபடம் வரைந்து காட்டும் டெஸ்மாஸ் கால்குலேட்டரில் இரண்டு சமன்பாடுகளைத் தட்டினால் கோடுகள் வெட்டும் புள்ளியே விடை. அதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

1040லிருந்து ஒரே கோடையில் 1400 என்று அவர் தலையில் ஏற்றாதீர்கள். முதலில் 1200ஐக் குறிவையுங்கள். பக்கத்து மையங்கள் நிரம்பிவிடும், ஆகஸ்டுக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். அதில் ஒரு பாடம் மட்டும் ஏறினாலும் வீணில்லை. பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எடுத்த சிறந்த பாட மதிப்பெண்களைச் சேர்த்தே கணக்கிடுகின்றன. மற்றதை அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம்.