ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கலாமா? பெங்களூரு கேள்வி பதில்

அல்சூர்: மூன்று மாடி, ஆறு வீடு. இரண்டு பேர் வாடகையே தருவதில்லை. 'ரிஜிஸ்டர் முடியட்டும், நானே காலி செய்து தருகிறேன்' என்கிறார் ஓனர். நம்பலாமா?

பணம் கைக்குப் போன பிறகு அவருக்கு என்ன அக்கறை? காலி செய்துவிட்டு விற்கச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வைப்பதாக அக்ரிமென்ட்டில் எழுதுங்கள். அதைவிட முக்கியம், ஆறு கதவையும் நீங்களே தட்டுவது. எப்போது வந்தார், வாடகை, அட்வான்ஸ், பாக்கி எவ்வளவு என்று எழுதி, அவர் கையெழுத்தும் ஓனர் கையெழுத்தும் வாங்குங்கள். ஓனர் ஒரு லட்சம் என்பார், மாடிவீட்டுக்காரர் ரசீதில் ஒன்றரை இருக்கும். அட்வான்ஸ் மொத்தத்தையும் விலையில் கழியுங்கள். விற்பனைக்கு முந்தைய வாடகை பாக்கி, தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுக்குச் சேராது (சொத்து மாற்றச் சட்டம், 109-ஆவது பிரிவு). வேண்டுமென்றால் கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கியதும் ஆறு பேருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை விஷயம் தெரியாமல் பழைய ஓனரிடம் கட்டிய வாடகையை மறுபடி கேட்க முடியாது.

ஸ்ரீராம்புரம்: ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தம். கீழ்வீடு மட்டும் லீசுக்கு விட்டிருக்கிறார்களாம்.

மாத வாடகை கிடையாது, சில லட்சங்களை மொத்தமாக வாங்கியிருப்பார்கள். பதிவு செய்யாத லீஸ் ஈசியில் வராது. அந்தப் பணம் வராமல் கீழ்வீட்டுக்காரர் நகரமாட்டார், கேட்பதும் உங்களிடம்தான். கதவைத் தட்டச் சொன்னது இதற்குத்தான்.

கே.ஆர்.புரம்: 11 மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டது. உடனே வெளியேற்றலாமா?

முடியாது. பெங்களூரில் வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் என்றால் 1999-ஆம் வருடக் கர்நாடக வாடகைச் சட்டம் பொருந்தாது. மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். அப்படியும் போகாவிட்டால் கோர்ட். அது 15 நாளில் முடியாது.

ஹொரமாவு: இதெல்லாம் எதற்கு? தண்ணீரை நிறுத்தி ஃபியூஸைப் பிடுங்கினால் ஒரே வாரத்தில் ஓடுவான். என் மாமா செய்தார்.

மாமாவுக்குப் பயந்த ஆள் வாய்த்திருக்கிறார். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்று பார்க்காமலே கோர்ட் அவரைத் திரும்பக் குடியேற்றலாம்.

ஹொரமாவு: அவனா கோர்ட்டுக்குப் போவான்?

வாடகை தராமல் உட்காரத் தெரிந்தவருக்கு வக்கீல் வீடு தெரியாதா?

சிவாஜிநகர்: குறுக்கே வருகிறேன் சார், நான் குடித்தனக்காரன். ஓனர் மோட்டார் ரூமைப் பூட்டினார், நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். அட்வான்ஸைக் கொடுத்தால் நாளைக்கே கிளம்புகிறேன்.

கேட்டீர்களா, ஹொரமாவு? வாடகை தராதவர் என்று சொல்லப்படுபவர்களில் பலர் இந்த ரகம்தான். அட்வான்ஸ் திரும்பாது என்று தெரிந்ததும் அதைக் குடியிருந்தே கழிக்கிறார்கள். கேஸ் போடும் செலவில் பாதியைக் கையில் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது லாபம்.

ஹொரமாவு: அப்போ எல்லோரும் இதையே செய்வார்கள்!

செய்யட்டும். வாங்கும் விலையில் அதைக் கழிக்க உங்களுக்குத் தெரியவேண்டும்.

ஒயிட்ஃபீல்டு: பழைய அட்வான்ஸை யார் தருவது?

மேலே படியுங்கள்.

டெல்லி, கரோல் பாக்: இங்கேயும் இதே கதைதானா?

இல்லை. டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வரும் வீடு என்றால், வாங்கி 5 வருடம் ஆகும்வரை சொந்தத் தேவை என்று காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியாது. மற்றதை அங்குள்ள வக்கீலிடம் கேளுங்கள்.

பனசங்கரி: குடியிருப்பவர்களிடம் பேசக் கூடாது என்கிறார் ஓனர். டோக்கன் பணம் கொடுத்துவிட்டேன்.

டோக்கனைத் திருப்பிக் கேளுங்கள்.