வெட்டு நின்ற பிறகு: வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் பதில்கள்

வலிப்பில் கைகால் வெட்டி இழுக்கும் இரண்டு மூன்று நிமிடத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இந்த முறை வந்த கடிதங்கள் அதற்குப் பிந்தைய நேரத்தைப் பற்றியவை.

வீட்டுக்காரருக்கு வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) வலிப்பு வந்தது. வெட்டு நின்றதும் எழுந்து நடக்கப் பார்த்தார். பிடித்தவர்களை அடித்துத் தள்ளினார். அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை, டாக்டர். (பாம்பன்)

நினைவு தெளியும் முன்பே உடம்பு எழுந்துகொள்வதால் வரும் குழப்பம் அது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் மிரள்வார். கரையில் என்றால் கூடவே நடந்தால் போதும். வல்லத்தில் அதற்கு இடமேது? இரண்டு பேர் விளிம்பை மறித்து உட்காருங்கள். ஒருவர் மட்டும் பேர் சொல்லி மெதுவாகப் பேசட்டும். படுத்திருக்கும்வரை ஒருக்களித்துப் போடுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். முழுத் தெளிவு வருமுன் தண்ணீரோ சோடாவோ புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தொழிலுக்குப் போக வேண்டாம்.

மகள் நாலு மணி நேரம் தூங்குகிறாள். எழுப்பலாமா? (கீழக்கரை)

தூங்கட்டும். அவ்வப்போது தொட்டுக் கூப்பிடுங்கள், முனகினாலும் போதும். அசைவே இல்லை, உதடு நீலம் பாய்கிறது, தெளியாமலே அடுத்த வலிப்பு வருகிறது, அல்லது வெட்டு 5 நிமிடத்தைத் தாண்டுகிறது என்றால் 108. மறுநாள் தலைவலியும் உடம்புவலியும் இருக்கும். தோளைத் தூக்கவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள், மூட்டு விலகியிருக்கலாம்.

தம்பிக்கு ஒரே நாளில் நாலைந்து முறை வந்தது. மறுநாள் நன்றாக இருந்தான். அதற்கடுத்த நாள் தூக்கமில்லை, யாரோ கொல்ல வருகிறார்கள் என்கிறான். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். (தேவிபட்டினம்)

நடுவில் தெளிவாக இருந்த அந்த ஒரு நாள்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. 'வலிப்புதான் சரியாகிவிட்டதே, இது வேறு ஏதோ' என்று பேய், செய்வினைப் பேச்சு வந்துவிடும். வேறில்லை. அடுத்தடுத்து வலிப்பு வந்தபின், ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு இப்படி மனநிலை பிறழ்வது மருத்துவம் நன்கறிந்த நிலை. மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் அந்த நாட்களில் அவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தக்கூடும். இன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தர்காவுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடமாட்டேன். கட்டிப்போடுவதை மட்டும் ஒப்புக்கொள்ளவே முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட வழியின்றிக் கருகினார்கள். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு வலிப்புக்குப் பிறகு வலது கை சாயங்காலம்வரை தூக்க வரவில்லை. பிறகு தானாகச் சரியானது. பக்கவாதமா? (தொண்டி)

வலிப்பு எழுந்த மூளைப்பகுதி சற்று நேரம் செயலிழந்து கிடப்பதால் இப்படி ஆகலாம். 19-ஆம் நூற்றாண்டு லண்டன் மருத்துவர் ராபர்ட் டாட் பெயரால் 'டாட் வாதம்' என்பார்கள்; பொதுவாக ஒன்றரை நாளுக்குள் நீங்கிவிடும். ஆனால் பக்கவாதமும் வலிப்போடு தொடங்கக்கூடும். வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது, ஸ்கேன் வேண்டும். இன்னொரு முறை நேர்ந்தால் சாயங்காலம்வரை காத்திருக்காதீர்கள். கை கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தது என்று குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அவசரப் பிரிவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.