ஆழ்கடல் சிவப்பு நண்டைக் குளத்தில் கொழுக்க வைக்கலாமா?

கேள்வி: கிள்ளைக்குப் பக்கத்தில் உப்பங்கழி ஓரமாக அரை ஏக்கர் குளத்தில் எங்கள் மகளிர் குழு களிநண்டு கொழுக்க வைக்கிறது. கடலூர் துறைமுகத்தில் ஆழ்கடல் இழுவைப் படகில் வந்த சின்னச் சிவப்பு நண்டுகளை ஒரு வியாபாரி கூடையோடு கொடுத்தார். "இதுவும் தண்ணி நண்டுதான், ஒரு மாதம் தீனி போட்டால் பெருத்துவிடும்" என்றார். பத்து நண்டுகளைக் குளத்தில் வலைக்கூண்டு கட்டி விட்டிருக்கிறோம். மீதி ஐஸ் பெட்டியில் இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். இதன் அறிவியல் பெயர் சரிப்டிஸ் எட்வர்ட்சி என்கிறார் ஒருவர், ஸ்மித்தி என்கிறார் இன்னொருவர். எது சரி? இது எங்கே வாழ்கிறது? குளத்தில் வளருமா? இல்லையென்றால் தீனியாகவாவது போடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் அந்தப் பத்து நண்டுகளையும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

படத்தில் நண்டுக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்தது மிகவும் உதவியாக இருந்தது. நாணயம் இரண்டரை வரிசையாக வைத்தால் ஓட்டின் அகலம் முடிந்துவிடுகிறது. அடுத்து ஓட்டின் முன் ஓரத்தைப் பாருங்கள். கண்ணுக்கு வெளிப்பக்கத்திலிருந்து ரம்பம் போல் பற்கள் வரிசையாக இருக்கும், ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுங்கள். உங்கள் களிநண்டில் ஒன்பது இருக்கும். நீலக்கால் நண்டிலும் ஒன்பதுதான். படத்து நண்டில் ஆறு. ஆறு பல், கடைசிக் கால் துடுப்பு மாதிரி என்றால் அது சரிப்டிஸ் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம். நம் சந்தைக்கு வரும் சிலுவை நண்டும் அதே பேரினம்தான். இன்னொன்றையும் பாருங்கள்: ஓட்டின் பின் விளிம்பு நேராக வந்து, பக்க விளிம்போடு சேரும் இடத்தில் மூலை மாதிரி மடங்குகிறது. சிலுவை நண்டில் அந்த இடம் வளைந்திருக்கும். மூலை மடங்கும் நண்டுகளைச் சரிப்டிஸுக்குள்ளேயே கோனியோஹெலினஸ் என்ற துணைப் பேரினமாகப் பிரித்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் நம் கரையோர வலைகளில் சாதாரணமாக விழும் ஒரு நண்டும் உண்டு, சரிப்டிஸ் ஹோப்லைட்டஸ். அதன் ஆறாவது பல் மற்றவற்றைவிட நன்றாக நீண்டு ஊசி போல் பக்கவாட்டில் நிற்கும், கையில் குத்தும். உங்கள் படத்தில் அப்படி நீளவில்லை. நண்டு வந்தது ஆழ்கடல் வலையில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது சரிப்டிஸ் ஸ்மித்தி என்றுதான் சொல்வேன்.

பெயர்ச் சண்டையில் இரண்டு பேரும் ஒரே நண்டைத்தான் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த நண்டை வைத்து மெக்லே என்பவர் 1838-ல் ஸ்மித்தி என்று பெயர் வைத்தார். 1949-ல் லீனே, பாய்ட்டென்டைக் என்ற இருவர் இதைத் தனி இனமாகக் கருதி எட்வர்ட்சி என்று பெயரிட்டார்கள். இந்தியப் பெருங்கடலில் இது திரள் திரளாக நீந்துவதைப் பற்றி 1965-ல் வெளியான கட்டுரையும் எட்வர்ட்சி என்றுதான் எழுதியது. அதனால் அந்தப் பெயர் நன்றாக ஊன்றிவிட்டது. இரண்டும் ஒன்றே என்று தெரிந்த பிறகு, விலங்குப் பெயரிடல் விதிப்படி முந்தி வைத்த பெயரே நிற்கும். ஆகவே ஸ்மித்தி. பழைய அறிக்கைகளில் எட்வர்ட்சி என்று படித்தால் இதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் குளத்து நண்டிலேயே இந்தக் குழப்பம் உண்டு. நம் நாட்டில் நெடுங்காலம் பெரிய களிநண்டை சில்லா ட்ரான்கிபாரிகா என்றும் (தரங்கம்பாடியின் பெயரால் 1798-ல் வைத்தது), சின்னதை சில்லா செர்ராட்டா என்றும் எழுதிவந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது பெரியதுதான் செர்ராட்டா, சின்னது ஒலிவேசியா என்று தெரிந்தது. பெரிதாக வளரும் குஞ்சு என்று நம்பிச் சின்ன வகையை வாங்கினால் நஷ்டம் குழுவுக்குத்தானே? குஞ்சு வாங்கும்போது இந்தப் பெயரைக் கட்டாயம் கேளுங்கள்.

இனி இது வாழும் இடம். ஸ்மித்தி இந்தியப் பெருங்கடலுக்கே உரிய நண்டு. தென்னாப்பிரிக்கக் கரையிலிருந்து அரபிக்கடல், இந்தியாவின் மேற்குக் கரை, வங்காள விரிகுடா வரை பரவியிருக்கிறது. பெருந்திரளாகக் காணப்படுவது அரபிக்கடல் பக்கம். கரையை ஒட்டி ஆழம் குறைவாக நீளும் கண்டத்திட்டு முடிந்து கடலடி சரிவாக இறங்கத் தொடங்குமே, அந்தச் சரிவின் மேல்பகுதிதான் இதன் தரை. நம் மீனவர் கணக்கில் நூறு பாகத்துக்கும் கீழே, அதாவது ஏறக்குறைய 200, 300 மீட்டர் ஆழம். நம் கரையில் திட்டு குறுகலானது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் எதிரே கடலடியில் பள்ளத்தாக்குகளே வெட்டிக்கொண்டு இறங்குகின்றன. அதனால் இங்கிருந்து போகும் படகுக்கு அந்த ஆழம் ரொம்பத் தூரமில்லை.

இந்த நண்டிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இரட்டை வாழ்க்கை. நண்டு என்றால் தரையில் ஊர்வது என்று நினைக்கிறோம். இதுவோ வளர்ந்த பிறகும் தரையை விட்டு எழுந்து, கீழே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில் மீன் கூட்டம் போல் நீந்தித் திரியும். இரவில் மேல்மட்டத்துக்கு வரும், பகலில் கீழே இறங்கிவிடும். மஞ்சள் துடுப்புச் சூரைக்கு இது முக்கியமான இரை. புதுச்சேரி தேங்காய்த்திட்டில் ஒருமுறை சூரையின் குடலை அறுத்தபோது, துடுப்புக் கால்கள் கலையாமல் நாலைந்து சிவப்பு நண்டுகள் அப்படியே வந்து விழுந்தன. கரையை அறியாத நண்டு கரைக்கு வந்த வழி அது. வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் குளம். 200, 300 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் 11 முதல் 15 டிகிரிதான், உங்கள் குளம் 28, 30-ஐத் தொடும். இரவில் மேலே வரும் நண்டு என்பதால் சூடு மட்டும் அதைக் கொன்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். பெரிய சிக்கல் உப்புதான். நடுக்கடலில் உப்பு ஆயிரத்துக்கு 35 அளவில் பெரிய மாற்றமில்லாமல் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளாறும் கொள்ளிடமும் பெருகினால் உங்கள் வாய்க்கால் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். களிநண்டு கழியில் பிறந்து வளர்ந்தது, அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். இந்த நண்டுக்கு அது பழக்கமே இல்லை. போதாக்குறைக்கு இழுவை வலையில் நசுங்கி, கால் ஒடிந்து வந்திருக்கிறது.

"தண்ணி நண்டு" என்று வியாபாரி சொன்னதும் தவறு. தண்ணி நண்டு என்பது பெரிய களிநண்டு தோல் உரித்த புதிதில் உள்ளே சதை நிறையாமல் இருப்பது. அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் நெகிழும். அதற்குத்தான் மூன்று, நான்கு வாரம் தீனி போட்டுக் கெட்டியாக்குகிறோம். உங்கள் மூன்றாவது படத்தில் மல்லாத்தி வைத்த நண்டைப் பாருங்கள்: வயிற்றுப் பக்கம் மடிந்திருக்கும் மடி அகலமாக விரிந்திருக்கிறது, அதனடியில் முட்டைக் கொத்து ஒட்டியிருக்கிறது. முட்டை சுமக்கும் நண்டு குட்டியல்ல. இதன் முழு வளர்ச்சியே ஓட்டகலத்தில் ஆறேழு சென்டிமீட்டர்தான். எவ்வளவு தீனி கொட்டினாலும் களிநண்டு ஆகாது.

தீனியாகப் போடலாமா என்றால், பச்சையாக வேண்டவே வேண்டாம். இறாலை அழிக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸைப் பல நண்டு இனங்கள் வெளியில் தெரியாமல் சுமக்கும். சரிப்டிஸ் பேரினத்து நண்டுகளிலும் அது இருந்ததுண்டு. ஐஸில் வைப்பதால் வைரஸ் சாகாது. உங்கள் களிநண்டு செத்துப்போகாமலே அதைச் சுமந்துகொண்டு வாய்க்காலில் பரப்பலாம். ஐஸ் பெட்டியில் இருப்பதைக் கொதிக்கும் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, ஓட்டை உடைத்து, சதையை மட்டும் சாயங்காலத் தீனியில் கலந்து கொடுங்கள். மொத்தத் தீனி குளத்து நண்டு எடையில் நூற்றுக்கு 5 முதல் 8 போதும். மிச்சத்தைக் காலையில் அள்ளிவிடுங்கள். இதற்கென்று காசு கொடுத்து இனி வாங்க வேண்டாம், கழிவு மீனும் மட்டியும் போதும்.

கூண்டிலிருந்து எடுத்த பத்தையும் வாய்க்காலில் எறியாமல் குளத்திலிருந்து தள்ளிக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். வலையை பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள். அக்கம்பக்கத்தில் வன்னாமி இறால் குளம் இருந்தால், அவர்களிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு உங்கள் குளத்துத் தண்ணீரை வெளியே விடாதீர்கள்.