எஃப்-150: டயர் உரசலுக்குக் காரணம் உயரம் இல்லை

உங்கள் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கும் லெவலிங் கிட், 285/70ஆர்18 டயர், மைனஸ் 12 மி.மீ. ஆஃப்செட்டில் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அதை வண்டியில் பொருத்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) புது ரிம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் உரசுகிறது, இன்னும் தூக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சகோ. காசுதான் போகும்.

கம்பெனி டயர் 275/65ஆர்18 என்றால் அதன் விட்டம் சுமார் 815 மி.மீ., இப்போது போட்டிருப்பது 856. அதாவது ஆரம் 21 மி.மீ. மட்டுமே கூடியிருக்கிறது. வம்பு ரிம்மில். பழைய ரிம் பிளஸ் 44. மைனஸ் 12க்குப் போனதில் சக்கரம் 56 மி.மீ. வெளியே வந்துவிட்டது. வெளியே தள்ளிய டயர் திரும்பும்போது பெரிய வட்டம் போட்டு, பின்னால் லைனரிலும் (சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறை) முன்னால் பம்பர் மூலையிலும் இடிக்கும். வண்டியைத் தூக்கினாலும் அந்த வட்டம் சிறுக்காது.

ஒரு சாக்பீஸ் எடுத்து டயரின் தோள்பட்டையில் தடவி, அதேபோல் ஒடித்து ரிவர்ஸ் எடுங்கள். லைனரில் மட்டும் வெள்ளை ஒட்டினால், ஹீட் கன்னால் இளக்கிப் பின்னால் அழுத்திவிட்டால் போதும். நானும் அப்படித்தான் செய்தேன், அரை மணி நேர வேலை. உலோகத்தில் ஒட்டியிருந்தால் வெட்டக் கிளம்பாதீர்கள், பழைய ரிம்மையே மாட்டிப் பாருங்கள். பார்வைக்குக் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம், கிட் போட்டபின் அலைன்மென்ட் பார்த்தீர்களா? ஸ்பீடோமீட்டரையும் சரிசெய்யுங்கள், அது 70 மைல் காட்டும்போது நீங்கள் 73க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள்.