பிரிட்டனில் இந்திய லைசென்ஸில் ஓட்டுவதற்கான 12 மாதக் கெடு, நடுவில் ஊருக்குப் போய்வந்தால் மறுபடி தொடங்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

தொடங்காது. பிரிட்டனில் நீங்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். நடுவில் நீங்கள் சென்னை போய்வந்ததும், கார் வாங்கிய தேதியும் கணக்கில் வராது. சர்வதேச ஓட்டுநர் பர்மிட்டும் அந்தக் கெடுவை நீட்டிக்காது.

சுற்றுலா வருபவர்களுக்கான விதியை யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது வேறு.

இன்றைக்கே இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, லைசென்ஸ் வகை என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கெடு முடிந்த பிறகு தனியாக ஓட்டி எங்காவது இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்புறம் பிரிட்டனின் புரொவிஷனல் லைசென்ஸுக்கு (பழகுநர் லைசென்ஸ்) விண்ணப்பியுங்கள். கெடு முடிந்திருந்தால் காரின் முன்னும் பின்னும் எல் பலகை வேண்டும். பக்கத்தில் 21 வயது நிரம்பிய, 3 ஆண்டு முழு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரும் உட்கார வேண்டும். தியரி தேர்வில் (சாலை விதிகள் பற்றிய தேர்வு) பாஸானால் அது 2 ஆண்டு செல்லும், அதற்குள் சாலைத் தேர்வை முடித்துவிடுங்கள்.

ஊரில் பல வருடம் ஓட்டியவர்கள் சாலைத் தேர்வில் பெரும்பாலும் கண்ணாடி பார்ப்பதில் கோட்டைவிடுகிறார்கள். இண்டிகேட்டர் போடுவதற்கு முன்பே நடுக் கண்ணாடி, பிறகு திரும்பும் பக்கத்துக் கண்ணாடி. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுங்கள். இரண்டு வகுப்பாவது உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் போய்விடுங்கள்.

ஆட்டோமேட்டிக் காரில் சாலைத் தேர்வு பாஸானால், அந்த லைசென்ஸில் கியர் கார் ஓட்ட முடியாது. வட அயர்லாந்துக்கு லைசென்ஸ் அலுவலகம் தனி. அங்கே இருந்தால் அவர்களிடமே கேளுங்கள்.