சாக்லேட்டில் பழம் முக்கும்போது சாக்லேட் கட்டிதட்டிப் போகிறது, மறுநாள் வெள்ளை பூக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

நீங்கள் சொல்லும் இரண்டுமே எனக்கு நடந்திருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. முதலில் கட்டிதட்டும் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகளின் பிறந்தநாள் பிப்ரவரியில் வரும். திருச்சியில் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் கிடைக்கிற காலம். இரண்டு டப்பா வாங்கிக் கழுவி, வடிதட்டில் நாலு உதறு உதறி, உருக்கி வைத்த சாக்லேட்டில் முக்க ஆரம்பித்தேன். முதல் பழம் அழகாக வந்தது. நாலாவது பழத்துக்குள் பளபளப்பு போய், சாக்லேட் திரிதிரியாக ஆனது. இளகட்டுமே என்று ஒரு கரண்டி தண்ணீர் விட்டேன். அவ்வளவுதான், கரண்டியே நட்டுக்கொண்டு நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, கேப்பக்களி கிண்டுறியா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். சாக்லேட்டில் தண்ணீர் கிட்டத்தட்டக் கிடையாது. கொக்கோ வெண்ணெயில் சர்க்கரைத் தூளும் கொக்கோத் தூளும் மிதந்துகொண்டிருக்கின்றன. நாலு சொட்டுத் தண்ணீர் பட்டதும் சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நிறைய தண்ணீர் இருந்தால் சர்க்கரை கரைந்துவிடும், பிரச்சினை இல்லை. கொஞ்சமாக இருப்பதுதான் ஆபத்து. அதனால் கட்டிதட்டிய சாக்லேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 200 கிராமுக்கு நாலைந்து மேசைக்கரண்டி சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் மறுபடி வழவழவென்று வந்துவிடும். பழத்தின் மேல் ஓடு மாதிரி உறையாது, ஆனால் ஐஸ்கிரீமில் ஊற்றிச் சாப்பிடலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

ஆக, பழம் காய்ந்திருக்க வேண்டும். துடைத்தால் போதாது. கழுவி, ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் பரப்பி வையுங்கள். காம்பையும் இலையையும் கிள்ளக் கூடாது. பிடித்து முக்க அதுதான் கைப்பிடி, கிள்ளினால் அந்த வாய் வழியாகச் சாறும் கசியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்துக்கு வியர்க்கும். அது அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் கழுவவே வேண்டும். சாக்லேட் உருக்கும் பாத்திரம், கரண்டி எல்லாவற்றுக்கும் இதே கண்டிப்பு. மூடி போட்டு உருக்காதீர்கள், மூடியில் கோத்த நீராவி சொட்டும்.

அடுத்தது வெள்ளைப் பூப்பு. அது பூஞ்சை இல்லை, பயப்படாதீர்கள். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக் கூடியது. அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பும், கடித்தால் 'டக்' என்று உடைகிற பதமும் தரும். சும்மா உருக்கி ஆறவிட்டால் கண்ட விதமாக உறைந்து, கொழுப்பு மெல்ல மேலே வந்து சாம்பல் பூக்கும். அதைத் தடுக்கத்தான் டெம்பரிங், அதாவது ஐந்தாவது விதமாகவே உறையும்படி சூட்டைப் பதம் பார்ப்பது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பாலுக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்கு இது புதிது இல்லை.

200 கிராம் டார்க் சாக்லேட்டைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். நடுத்தர அளவுப் பழம் இருபதுக்குக் குறையாமல் முக்கலாம். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதித்து அடுப்பை அணைத்த தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் தொடக் கூடாது, ஆவி பட்டால் போதும். உருகி 45 டிகிரி வந்ததும் இறக்கி, முதல் வேலையாகக் கிண்ணத்தின் அடியைத் துடையுங்கள். சாய்க்கும்போது அந்த ஈரம்தான் பழத்தட்டில் சொட்டும். பிறகு எடுத்து வைத்த துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். அவைதான் உறைமோர். கடையில் வாங்கிய பளபளப்பான சாக்லேட் ஏற்கெனவே சரியான பதத்தில் உறைந்தது, உருகியதையும் தன் வழிக்குக் கொண்டுவரும். ஏற்கெனவே வெள்ளை பூத்த பழைய சாக்லேட் இதற்கு உதவாது. 31 முதல் 32 டிகிரிக்கு இறங்கியதும் முக்கலாம். மில்க் சாக்லேட் என்றால் இரண்டு டிகிரி குறைவாக.

தெர்மாமீட்டர் இல்லையா? ஒரு சொட்டைக் கீழுதட்டில் வைத்துப் பாருங்கள். சூடாகத் தெரியக் கூடாது, லேசாகக் குளிர்ந்த மாதிரி இருக்க வேண்டும். அப்புறம் கத்தி முனையில் கொஞ்சம் தடவி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று இறுகினால் பதம் சரி.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். மே மாதத்தில் எங்கள் சமையலறையே அதைத் தாண்டும். எவ்வளவு பதம் பார்த்தாலும் உறையாது. ஏசி இருந்தால் 22ல் வைத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் கூச்சப்படாமல் பேக்கரி சாமான் கடையில் காம்பவுண்ட் சாக்லேட் வாங்குங்கள். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும், டெம்பரிங்கே வேண்டாம், உருக்கி முக்கினால் உறைந்துவிடும். ருசி ஒரு படி கம்மிதான், நாக்கில் மெழுகு மாதிரி லேசாக ஒட்டும். குழந்தைகள் யாரும் புகார் சொன்னதில்லை. சாக்லேட் சிப்ஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கேக்குக்குள் உருக்குலையாமல் நிற்பதற்காகச் செய்தது அது, உருக்கினாலும் கெட்டியாகவே கிடக்கும்.

முக்கும்போது முக்கால் பழம் போதும். ஒரு சுற்றுச் சுற்றித் தூக்கி, சொட்டுவது நிற்கும் வரை பிடித்து, அடியைக் கிண்ண விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்து பட்டர் பேப்பரில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்து, காய்ந்த பின் சர்க்கரை வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கும். சாக்லேட் பிசுபிசுத்தாலும் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்ட்ராபெர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அது எப்படியும் வழி தேடும். அன்றைக்கே தின்றுவிடுங்கள்.

ஸ்ட்ராபெர்ரிதான் வேண்டும் என்று ஒன்றும் இல்லை. என் கட்சி பலாச்சுளை. கொட்டை எடுத்து நீளவாக்கில் கிழித்தால் மேலே ஈரமே இருக்காது, சாக்லேட் அப்படிப் பிடிக்கும். வெட்டும்போது கத்தியில் தடவிய எண்ணெய் சுளையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கமலா ஆரஞ்சு என்றால் சுளையின் தோல் கிழியாமல் பிரித்து, நாரை எடுத்துவிட்டு, விசிறிக்கு அடியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிடுங்கள். பேரீச்சை, அத்திப்பழ வற்றல் இரண்டும் தோற்கவே முடியாதவை, முதல் முறை செய்கிறவர்கள் அதில் கை பழகலாம். அன்னாசியும் தர்பூசணியும் வேண்டவே வேண்டாம், வெட்டிய முகம் எப்போதும் அழுதுகொண்டே இருக்கும்.

கிண்ணத்தின் அடியில் மீந்ததில் வறுத்த வேர்க்கடலையைப் போட்டுப் புரட்டி, கரண்டி கரண்டியாகத் தட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் பழத்தை விட அதுதான் முதலில் காலியாகிறது. எடுப்பது அம்மா.