செம்பராங்கல் கொல்லையில் முருங்கை: தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: பின்கட்டுக்கு அடுத்த கொல்லையில் ஒரு சாண் தோண்டினாலே செம்பராங்கல் என்கிற கெட்டியான செந்நிறக் கல் தட்டுகிறது. கல்லை உடைத்து ஒன்றரை அடிக் குழி வெட்டி, முழுக்க ஊருணி வண்டலை நிரப்பிச் செடிமுருங்கை விதைத்தோம். நன்றாக வந்த செடி, ஐப்பசி மழையில் இலை பழுத்துக் கார்த்திகையில் பட்டுவிட்டது. நல்ல மண்தானே போட்டோம்?
- வாசகி, கண்டனூர்

பதில்: வண்டல் நல்ல மண்தான். ஆனால் கல்லுக்குள் வெட்டிய குழி தொட்டி மாதிரி. மழை பெய்தால் தண்ணீர் இறங்கப் போக்கிடம் இல்லை. வண்டலில் களி அதிகம், குடித்த நீரைச் சீக்கிரம் விடாது. முருங்கை எவ்வளவு காய்ச்சலையும் தாங்கும், வேரில் நீர் நின்றால் தாங்காது. பட்ட செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பேறி, விரலால் இழுத்ததும் தோல் உறைபோலக் கழன்று வந்தால் அழுகல்தான்.

அடுத்த குழியை வெட்டியதும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால், அடிக்கல்லைக் கடப்பாரையால் நாலைந்து இடத்தில் ஓரடி ஆழத்துக்குக் குத்தி உடைத்துவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் குழியே வேண்டாம். தரைக்கு மேல் இரண்டடி உயரம் மேடு போட்டு அதில் வையுங்கள்.

நிரப்புவதற்கு, தோண்டிய செம்மண்ணைச் சலித்துப் பெருங்கல்லை நீக்கி இரண்டு பங்கு, வண்டல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. ஒன்றரை அடிக் குழிக்கு எரு சுமார் 15 கிலோ பிடிக்கும். எருவில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். செம்மண்ணில் உள்ள இரும்பு, மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் செடிக்கு விடுவிக்க எரு வேண்டும். நிரப்பிய மண் தரையை விட அரை அடி உயர்ந்து நிற்கட்டும், மழையில் எப்படியும் அமுங்கும்.

பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 விதை, குழிக்கு இரண்டு. அடைமழை ஓய்ந்த மார்கழி, தையில் விதைப்பதே உங்கள் இடத்துக்குப் பாதுகாப்பு. இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மறந்துவிட்டால் ஒற்றைக் கம்பாக ஓங்கி, காய் எட்டாத உயரத்தில் தொங்கும்.

கேள்வி: பாகற்பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. மாமரத்துக்கு வாங்கிய பழ ஈப் பொறியைப் பந்தலில் கட்டியும் குறையவில்லை.
- வாசகர், தேவகோட்டை

பதில்: மாமரத்துப் பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள். பாகல், புடல், பீர்க்கைக் கெடுக்கும் ஈ அதற்கு வராது. கியூ லூர் கவர்ச்சி வில்லை என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் உதிர்ந்த பிஞ்சைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் ஈ. புழுவே இல்லாமல் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. காலை 9 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள்.

வில்லை ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். ஆகவே உதிர்ந்ததைப் பந்தலடியில் விட்டுவைக்காதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். தினமும் பொறுக்கிப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி நாலைந்து நாள் வெயிலில் போடுங்கள். குப்பைக்குழியில் கொட்டினால் அங்கிருந்தே பறந்து வரும்.

கேள்வி: பச்சைச் சாணத்தை நேரே செடிக்குப் போடலாமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். சூட்டில் வேர் கருகும், நம் செம்மண்ணில் கரையானும் தேடி வரும். நிழலில் குவித்து, ஈரம் காயாமல் மாதம் ஒருமுறை புரட்டிக் கொடுங்கள். மூன்று நாலு மாதத்தில் கறுத்து உதிரியாகும். குவியலுக்குள் கையை விட்டால் சூடு இருக்கக்கூடாது, சாண வாடை வரக்கூடாது. விரல் பருமனில் வளைந்த வெள்ளைப் புழு தென்பட்டால் அது காண்டாமிருக வண்டின் புழு. பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு எருவை எடுங்கள். விட்டால் வண்டாகித் தென்னங்குருத்தைத் துளைக்கும்.